இரண்டாம் நாளும் பதினாறாம் நாளும்

இருபத்து மூன்றாவது உருளை வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் வந்தது. இருபத்து நாலாவதில் உள்துளை மூன்று மைக்ரான் பெரிதாக இருந்தது. இருபத்தைந்தில் ஐந்து, இருபத்தாறில் ஆறு. நாலு மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது. ஒரு தலைமுடியை இருபதாகப் பிளந்தால் ஒரு பங்கு அவ்வளவு இருக்கும்.

பீஷியா அந்த உருளையைத் துணியால் துடைத்து மறுபடி அளந்தாள். ஆறு. தன் உள்ளங்கைச் சூடு ஏறியிருக்குமோ என்று கால் மணி நேரம் கல்மேடையில் ஆறவிட்டு மூன்றாம் முறை அளந்தாள். ஆறு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோபோ கை அடுத்த உருளையை எடுத்து, ஊதித் துடைத்து, தட்டில் வைத்துக்கொண்டிருந்தது. தான் செய்வது தப்பு என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

முப்பத்தைந்தாவதிலிருந்து அளவு தானாகவே சரியாகிவிட்டது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. கெட்டுப்போன மெஷின் கெட்டே கிடந்தால் எங்கே கெட்டது என்று தேடலாம். கொஞ்ச நேரம் பைத்தியம் பிடித்துவிட்டுத் திரும்பத் தெளிகிற மெஷினை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

வாங்குகிற கம்பெனியிலிருந்து வந்திருந்த இன்ஸ்பெக்டர் கோங் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டார். "ரெண்டாவது தடவை, லாய் முதலாளி. நாப்பது உருளை, நடுவுல நிறுத்தாம, மனுஷன் கை படாம, எல்லாம் அளவுக்குள்ள. அவ்வளவுதான் கேட்டோம். இன்னும் ஒரே ஒரு தடவை வர்றேன். அதுவும் இப்படின்னா ஆர்டர் வேற ஊருக்குப் போயிடும். என்மேல வருத்தப்படாதீங்க."

அது ஆகஸ்ட் இரண்டாம் தேதி. முதல் தடவை தோற்றது ஜூலை பத்தொன்பது.

ஆர்டர் போனால் லாய் முதலாளி பட்டறையை மூடிவிட்டு இடத்தைப் பக்கத்துப் பட்டறைக்காரனுக்குக் கொடுத்துவிடுவார். அவன் ஏற்கெனவே இரண்டு முறை வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். தாயா ஊர்ப் பக்கத்துத் தகரக்கூரைப் பட்டறைகள் அப்படித்தான் ஒன்றையொன்று விழுங்கி வளர்ந்தன. பட்டறையில் மிச்சமிருந்த ஏழு பேரும் ஐம்பதை ஒட்டிய வயதில் வேறு வேலை தேட வேண்டியிருக்கும்.

மிச்சமிருந்த என்ற சொல்தான் பீஷியாவுக்கு உறுத்தியது. போன வருஷம் வரைக்கும் பதினோரு பேர்.

பதினாறு வயதில் சாங்ஹுவாவிலிருந்து ஒரு பையோடு வந்தவள் அவள். சைக்கிள் பாகங்களுக்குப் பிசிர் தேய்க்கிற வேலை. இரண்டு வருஷத்தில் துளை போடும் மெஷின், அப்புறம் லேத். கம்ப்யூட்டர் வைத்த முதல் மெஷின் வந்தபோது ஆண்கள் எல்லாரும் தள்ளி நின்றார்கள். அவள் ஜப்பான்காரன் கொடுத்த விளக்கப் புத்தகத்தைப் படம் பார்த்துப் படம் பார்த்தே கற்றுக்கொண்டாள். நாற்பது வயதில் ஐந்து பக்கமும் திரும்பி வெட்டுகிற மெஷினுக்கு அவளே நிரல் எழுதினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "மெஷின்ல ஸ்பிண்டில் ஓடுதே, நிறுத்திட்டா போக முடியும்?" என்பாள்.

ரோபோ கையும், தானே அளந்து தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடும் வேண்டும் என்று முதலாளியைப் பிடித்து உலுக்கியதும் அவள்தான். தைச்சுங் நகரத்து மெஷின் கண்காட்சிக்கு அவரை அழைத்துப்போய், மெஷின் தன் சூட்டைத் தானே உணர்ந்து மைக்ரான் கணக்கில் தள்ளி வெட்டுவதைக் காட்டினாள். முதலாளி வாங்கினார். வாங்கிய மாதமே அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாலு பேர் அதிகமாயிடுவாங்க, பீஷியா. யார் யாருன்னு எனக்கு மனசு வரல. நீயே எழுதிக் குடு."

வெட்டுமுனை வந்த அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் அவள் நாலு பெயர் எழுதினாள். மூன்றாவது பெயர் சூயுன். இருபத்திரண்டு வருஷமாக அவள் வெட்டியதை அளந்தவள், ஒரே அறையில் ஒன்பது வருஷம் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள். இனி மெஷினே அளந்துகொள்ளும் என்பதால் அந்தப் பெயரை எழுதுவதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் இரண்டுக்குப் பிறகு பீஷியா அந்த மெஷினைக் கழற்றாத குறையாகப் பார்த்தாள். வெட்டும்போது சூடு தணிக்கப் பீய்ச்சும் கூலன்ட்டை முழுக்க மாற்றினாள். உருளையைப் பிடிக்கும் தாடைகளைப் புதிதாகக் கடைந்து போட்டாள். ரோபோ விற்ற கம்பெனியிலிருந்து இன்ஜினியர் ஃபான் வந்து மூன்று நாள் மடிக்கணினியோடு தரையிலேயே உட்கார்ந்திருந்தான். கடைசியில், மின்பெட்டியின் தலையில் எல்லாப் பட்டறையிலும் ராசிக்கு வைப்பதுபோல வைத்திருந்த பச்சைப் பொரிப் பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"காலாவதி ஆகலையே, பீஷியா அக்கா."

"போன மாசம்தான் மாத்தினேன். மெஷின் சமர்த்தா இருக்கணும்னு எல்லாரும் பண்ற மாதிரி நானும் எல்லாம் பண்ணிட்டேன், ஃபான்."

"அப்போ எனக்கும் வேற ஒண்ணும் தோணல."

பழைய பதிவுகளைத் தோண்டியதில், பரீட்சை ஓட்டத்துக்கு முன்பும் இரண்டு நாள் இதே கோளாறு வந்து யாரும் கவனிக்காமல் விட்டது தெரிந்தது. ஜூன் பத்தொன்பது, ஜூலை மூன்று. அதே மதியம், அதே ஒரு மணி நேரம். நாலு தேதியையும் ஒரு அட்டையில் எழுதி ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள். சோறு தின்னும்போதும் எடுத்துப் பார்த்தாள். பதினாலு நாள் இடைவெளி, அப்புறம் பதினாறு, அப்புறம் பதினாலு. கிழமையும் ஒன்றாக இல்லை. திங்கள், திங்கள், புதன், புதன்.

கடைசிப் பரீட்சைக்கு ஆகஸ்ட் பதினேழைக் குறித்தது முதலாளியம்மா. முந்தைய இரண்டையும் குறித்தது அவள்தான். அந்த வீட்டில் நாள் பார்ப்பது அவள் பொறுப்பு.

பதினாறாம் தேதி, நிலாக் கணக்கில் ஏழாம் மாதம் பிறந்தது. மாதப் பிறப்புக்கும் பௌர்ணமிக்கும் பீஷியா மாமிசம் தொடமாட்டாள். அந்த இரண்டு நாளும் அவள் சாப்பிடுவது சந்து முனையில் இருக்கும் சோற்றுப் பெட்டி விற்கும் சைவக் கடையில். வேலை போன பிறகு சூயுன் தன் தமக்கையோடு சேர்ந்து அதில் நின்றாள். பீஷியா போகாமல் இருக்கலாம். ஆனால் போகாமல் இருந்தால் அது அதைவிடப் பெரிய பேச்சாகிவிடும்.

"வந்துட்டியா. மூஞ்சியைப் பார்த்தா நாளைக்குக் கழுத்துல கயிறு மாட்டப் போறவ மாதிரி இருக்கே," என்றாள் சூயுன், பெட்டியில் சோற்றை அமுக்கிக்கொண்டே. "பாகற்காயா, மூங்கில் குருத்தா?"

"எதாவது வை."

"எதாவது வைன்னு சொல்றவளுக்குப் பாகற்காய்தான்."

பீஷியா பெஞ்சில் உட்கார்ந்தாள். பெட்டியைத் திறக்கவில்லை. சூயுன் கரண்டியை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. நீ இங்க வந்து சாப்பிட்டுப் போற மறுநாள் உங்க பட்டறையில இருந்து ஒரு ஈ காக்கா சோத்துக்கு அப்புறம் டீக்கு வெளிய வர்றதில்ல. எல்லாம் உள்ள உக்காந்து ஒப்பாரி. ரெண்டு தடவையா பாக்கறேன். என் சோத்தைத் தின்னுதான் மெஷின் கெட்டுப்போச்சுன்னு ஊர்ல சொல்லிடாதடி. வியாபாரம் போயிடும்."

பீஷியா கையில் பிடித்திருந்த சோற்றுக் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"மறுநாளா?"

"மறுநாள்தான். போன தடவை பௌர்ணமிக்கு நீ டோஃபுவை அப்படியே வெச்சிட்டுப் போனியே. அதுக்கு மறுநாள் உங்க முதலாளி தெருவுல தலையில கைய வெச்சிட்டு நின்னாரு."

சுவரில் விவசாயிகள் சங்கத்தின் காலண்டர் தொங்கியது. ஒவ்வொரு தேதிக்கும் அடியில் நிலாக் கணக்கு பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். பீஷியா எழுந்துபோய் அட்டையை அதன் பக்கத்தில் வைத்துப் பிடித்தாள். ஜூன் பத்தொன்பது: ஐந்தாம் மாதம் இரண்டாம் நாள். ஜூலை மூன்று: பதினாறாம் நாள். ஜூலை பத்தொன்பது: இரண்டு. ஆகஸ்ட் இரண்டு: பதினாறு. நாளை மறுபடி இரண்டு.

இரண்டும் பதினாறும் பட்டறை வாசலில் படையல் போடும் நாள். மண்ணின் சாமிக்கும், பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாத, போக்கிடமில்லாத ஆவிகளான 'நல்ல அண்ணன்மாருக்கும்'. மதியம் மூன்றரைக்குப் பெரிய ஷட்டரை முழுக்கத் தூக்கி, மேசையை வாசலில் தெருவைப் பார்த்துப் போட்டு, பத்தி எரிந்து முடிகிற வரைக்கும் ஒரு மணி நேரம் திறந்தே வைப்பார்கள். கோளாறு வந்த நாலு நாளும் பீஷியா அங்கேதான் நின்றிருந்தாள், கையில் பத்தியோடு, மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. உருளைகளை அளந்ததெல்லாம் திரும்பி உள்ளே போன பிறகுதான்.

"சூயுன், நீ இருந்தப்போ படையல் நேரத்துல எந்த மெஷினாவது ஓடிச்சா?"

"எது ஓடும்? பதினோரு பேரும் பத்தியைப் பிடிச்சுட்டு வெளிய நின்னா மெஷினை யாரு பாப்பா? சக்கரத்தை நிறுத்திட்டுத்தானே வருவோம். முதலாளியம்மா ஒருத்தரையும் உள்ள விடமாட்டா."

"இப்போ நிக்கறதில்ல," என்றாள் பீஷியா. "அதுக்கு ஆளே வேண்டாம்ல. அது பாட்டுக்கு வெட்டிட்டு இருக்கு."

சூயுன் அவளையும் காலண்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், கரண்டியை எடுத்து அடுத்த ஆளுக்குச் சோறு போடப் போனாள்.

அன்று மதியமே பீஷியா முதலாளியை மெஷின் திரைக்கு முன்னால் நிற்கவைத்து ஷட்டரைத் தூக்கினாள். வெளியே முப்பத்தாறு டிகிரி, உள்ளே இருபத்து நாலு. பட்டறையின் சூட்டைப் பார்க்கும் சென்சாரை வயர் எட்டிய இடத்தில், ஷட்டரை ஒட்டிய தூணில் மாட்டியிருந்தார்கள். சரக்கு வண்டிக்காக இரண்டு நிமிஷம் திறந்தால் அதற்கு ஒன்றும் உறைக்காது. இப்போது பத்து நிமிஷத்தில் திரையில் திருத்த எண் ஒன்றானது. இருபதில் மூன்று. முப்பதில் ஐந்து. இரும்பு மெஷின் அப்படியே குளிர்ந்து கிடந்தது. தூணில் இருந்த சென்சார் மட்டும் வெயில் காற்றை வாங்கிக்கொண்டு, மெஷின் சூடாகிவிட்டது என்று அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தது. மெஷினும் நம்பி, சரியாக இருந்த அளவைத் திருத்திக்கொண்டே போனது.

லாய் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சென்சாரை இடம் மாத்திடு."

"மாத்த முடியாது. வாங்கற கம்பெனி முத்திரை போட்ட காகிதத்துல எந்த ஸ்க்ரூ எங்கன்னு இருக்கு. தொட்டா மறுபடி முதல்ல இருந்து விண்ணப்பம். ஆறு மாசம்."

"அப்போ?"

"நாளைக்கு ஷட்டர் திறக்கக் கூடாது."

முதலாளி அவளைப் பார்க்காமல் அலுவலக அறைக் கதவைப் பார்த்தார். கதவு திறந்திருந்தது. முதலாளியம்மா நாளைக்கான பிஸ்கட் டப்பாக்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்க வேண்டும்.

"ஏழாம் மாசம்," என்றாள் அவள், நிமிராமல். "கீழுலக வாசல் திறந்துவிட்டு எல்லாரும் மேல வந்திருக்கிற மாசம். முதல் படையல். அவங்க முகத்துக்கு நேரா கதவைச் சாத்தச் சொல்றே."

"ஒரு நாள் மட்டும்தான், முதலாளியம்மா. படையலை காலையில வெச்சுக்கலாம். இல்லன்னா ஆறு மணிக்கு, ஓட்டம் முடிஞ்சதும்..."

"காலையில யாரு வருவா? பொழுது சாஞ்சு போட்டா அது படையலா, மிச்சச் சோறா? நாலு பேரைத் துரத்தினே. சரி, மெஷினுக்காக. இப்போ சாமியையும் துரத்தணுமா? அதுக்கும் ஒரு அட்டையில பேர் எழுதிக் குடுத்துடேன்."

பட்டறை முழுக்கக் கேட்டது. சாணை பிடித்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான். அந்த அட்டையைப் பற்றி இத்தனை மாதத்தில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

பீஷியா அலுவலகக் கதவருகே போய் நின்றாள். "எழுதினது நான்தான்," என்றாள். "அந்த நாலு பேரும் போனது வீணாயிடக் கூடாதுன்னுதான் கெஞ்சறேன். நாளைக்குத் தோத்தா மிச்சம் ஏழு பேரும் போயிடுவோம். உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

"என் கால்ல விழுந்து என்ன ஆகப்போகுது?" முதலாளியம்மா ரொம்ப நேரம் டப்பாக்களைச் சரி செய்தாள். குரல் தணிந்திருந்தது. "மேசையை மூடின ஷட்டருக்கு வெளிய போடறோம். ஆனா நீ அங்க நிக்கணும். நீ மட்டும். கடைசி உருளை வர்ற வரைக்கும் பத்தி அணையக் கூடாது. அவங்களுக்குக் கோவம் வந்தா வாசல்ல நிக்கறவ மேல வரட்டும். உள்ள இருக்கறவங்க மேல வரக் கூடாது."

மறுநாள் ஒரு மணிக்கு ஓட்டம் தொடங்கியது. மூன்றரைக்கு, இருபத்தோராவது உருளை தட்டில் இறங்கியதைப் பார்த்துவிட்டு, பீஷியா பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனாள். மேசையில் பழம், பிஸ்கட், நூடுல்ஸ் பொட்டலங்கள், டப்பாவில் அடைத்த டீ. கீழே நல்ல அண்ணன்மார் முகம் கழுவ ஒரு வாளித் தண்ணீரும் புதுத் துண்டும். முதுகுக்குப் பின்னால் தகர ஷட்டர் அடுப்புக் கல்லாகக் காய்ந்தது.

உள்ளே நடப்பது எதுவும் தெரியவில்லை. ஒரு சத்தம் மட்டும் தகரத்தைத் தாண்டி வந்தது. ஏழு நிமிஷத்துக்கு ஒருமுறை ரோபோ கை உருளையை ஊதித் துடைக்கும் 'புஸ்'. அவள் அதை எண்ணினாள். இருபத்திரண்டு. இருபத்து மூன்று. இருபத்து நாலு வந்தபோது உள்ளே யாராவது கத்துகிறார்களா என்று காதைத் தகரத்தில் வைத்தாள். காது சுட்டது. யாரும் கத்தவில்லை. கத்தாததற்கு நல்லது கெட்டது இரண்டு அர்த்தமும் இருந்தது.

நாலு மணிக்குக் கடையை மூடிவிட்டு சூயுன் வந்தாள். வாளியைத் தொடாமல், தான் கொண்டுவந்த ஈரத்துணியை பீஷியாவின் பிடரியில் போட்டாள்.

"கதவைச் சாத்திட்டுக் கும்பிடறதை இப்போதான் பாக்கறேன்."

"நீ போ. யாராவது பார்த்தா அந்தம்மா என்ன சொல்லுவாளோ. நான் மட்டும்தான் நிக்கணும்னு சொல்லியிருக்கா."

"நான் இந்தப் பட்டறை ஆளா என்ன? தெருவுல போறவ. போக்கிடமில்லாத கோஷ்டி," என்று சூயுன் மேசையின் அந்தப் பக்கம், அண்ணன்மார் நிற்கவேண்டிய இடத்தில் நின்றுகொண்டாள். பீஷியாவால் சிரிக்க முடியவில்லை.

முப்பதாவது 'புஸ்' கேட்டதும் இரும்புச் சரக்கு வண்டி சந்துக்குள் வந்து நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினான். "ஷட்டரைத் தூக்குங்க அக்கா, ரெண்டு டன் இறக்கணும்."

"நாளைக்கு வா."

"நாளைக்கா? வெயில்ல வந்திருக்கேன். மேசையைத் தள்ளினா நானே தூக்கிக்கறேன்."

அவன் இறங்கி நாலு எட்டு வைத்தான். பீஷியா பத்திக் கட்டோடு மேசைக்கும் ஷட்டருக்கும் நடுவில் போய்க் கைகளை விரித்து நின்றாள். ரெண்டு டன் இறக்க அரை மணி நேரம் ஆகும். வேர்வையும் சாம்பலும் வழிந்த அவள் முகத்தைப் பார்த்த ஓட்டுநர் சூயுனைப் பார்த்தான்.

"ஏழாம் மாசம் தம்பி," என்றாள் சூயுன். "மேசையைத் தள்ளப் போறியா? தள்ளு. உன் வண்டி, உன் பிரேக்கு."

அவன் மேசையை, வாளியை, துண்டை ஒருமுறை பார்த்தான். வண்டியில் ஏறிப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனான். ஆனால் எஞ்சின் உறுமி ஓய்ந்தபோது எத்தனை நிமிஷம் போயிற்று என்று பீஷியாவுக்குத் தெரியவில்லை. முப்பத்தொன்று வந்ததா? சத்தத்தில் விட்டுவிட்டாளா? மெஷினே நின்றுவிட்டதா? அவள் பத்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாழ்க்கையில் இவ்வளவு நாளும் தப்பு எங்கே என்று போய்ப் பார்க்க அவளுக்கு ஒரு கண்ணாடி ஜன்னலாவது இருந்தது. இப்போது ஒரு தகரம்.

"வந்துடும்," என்றாள் சூயுன்.

ரொம்ப நேரம் கழித்து 'புஸ்' என்றது. அது முப்பத்தொன்றா முப்பத்திரண்டா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அதற்கப்புறம் பீஷியா எண்ணுவதை விட்டுவிட்டாள். ஒரு பத்தி தீரும் முன் அடுத்ததைக் கொளுத்துவது மட்டும்தான் செய்தாள்.

ஐந்தே முக்காலுக்குப் பக்கவாட்டுக் கதவு திறந்தது. முதலில் வந்தது இன்ஸ்பெக்டர் கோங். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு மேசையையும் மூடிய ஷட்டரையும் பார்த்தார்.

"ஏன் இன்னிக்கு மூடியிருக்கு?"

"திறந்தா அளவு மாறுது," என்றாள் பீஷியா. பொய் சொல்லத் தெம்பில்லை. "வாசல் காத்து சென்சார்ல படுது. நேத்துதான் கண்டுபிடிச்சேன்."

அவர் குறிப்பேட்டைத் திறந்தார். "அப்போ ஷட்டர் மூடியிருக்கணும்னு வேலைக் குறிப்புல ஒரு வரி சேர்த்து அனுப்புங்க. நாப்பதும் சரி. அதிகபட்ச வித்தியாசம் ஒண்ணரை."

அவருக்குப் பின்னால் வந்த லாய் முதலாளியின் கண் கலங்கியிருந்தது. பீஷியாவின் தோளைத் தட்டப் போய், பத்தியைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். "ஒண்ணரை," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "பீஷியா, இப்படி ஓடும்னா அடுத்த வருஷம் இன்னொண்ணு போட்டுடலாம்." அப்போதுதான் மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற சூயுனைக் கவனித்தார். தலையை லேசாக ஆட்டிவிட்டு, கோங்கை வண்டிவரை கொண்டுபோய் விட நடந்தார்.

அண்ணன்மாருக்கான காகிதப் பணம் எரிக்கிற தகர டிரம்மைப் பீஷியா இழுத்து வைத்தாள். இரண்டு பேரும் கட்டுகளைப் பிரித்துப் போட்டார்கள். அனல் முகத்தில் அடித்தது.

"லிஸ்ட் உன் கையெழுத்துன்னு அன்னிக்கே தெரியும்," என்றாள் சூயுன், நெருப்பைப் பார்த்துக்கொண்டே. "அது போகட்டும். இந்த மெஷின் மூணு தடவை தோத்துட்டா எங்களைத் திரும்பக் கூப்பிடுவாங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன். நேத்து மதியம் வரைக்கும்."

பீஷியாவின் கையில் இருந்த கட்டு பிரியாமல் நின்றது. "தெரிஞ்சேதான் வந்தியா?"

"இனி அது தோக்காதுன்னு நேத்து காலண்டர் பக்கத்துல நீ நின்னப்பவே தெரிஞ்சுபோச்சு. வாயைத் திறந்தது நான்தானே. பாதி சொல்லிட்டு மீதியை முழுங்க முடியுமா?"

இன்னொரு மெஷின் போட்டால் முதலாளி பீஷியாவை மறுபடி கூப்பிடுவார், அட்டையை நீட்டுவார், அதில் யார் பெயரை எழுதுவது என்ற நினைப்புதான் அவளுக்கு வந்தது. அதைச் சொல்ல இந்த உலகத்தில் அவளுக்கு இருந்த ஒரே ஆள் எதிரில் நின்று சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாள்.

பின்னால் முதலாளியம்மா ஷட்டர் பொத்தானை அழுத்தினாள். தகரம் கடகடவென்று மேலே போயிற்று. உள்ளிருந்து இருபத்து நாலு டிகிரிக் காற்று இரண்டு பேரின் முதுகிலும் பட்டது. ரோபோ கை ஓய்ந்து நின்றிருந்தது.

சூயுன் ஈரத்துணியை எடுத்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். "பௌர்ணமிக்கு வருவேல்ல? காளான் போடறேன். பாகற்காய் வேண்டாம்."

"வர்றேன்," என்றாள் பீஷியா.